காட்பாடியில் இறங்கிய சைக்கிள்

போபாலை விட்டு ஆரணிக்கே திரும்பி வந்துவிடுவது என்று முடிவானதும் அண்ணனுக்குப் போன் செய்தேன். ஏன் வருகிறாய், எத்தனை நாள் இருப்பாய் என்றெல்லாம் அவன் கேட்கவில்லை. "சாமானெல்லாம் எப்டிமா எத்துகினு வரப் போற? லாரி பேசட்டுமா?" என்றான்.

"சாமான் ஒண்ணும் இல்லண்ணா. ஒரு பெட்டி, ஒரு சைக்கிள்."

அவனுக்குப் பின்னால் தறி அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து மறுபடியும் சொன்னேன்.

"கேட்டுச்சும்மா. பீரோ, கட்டில், வாஷிங் மெஷின்லாம்?"

"அதெல்லாம் இங்கயே இருக்கட்டும்."

"சைக்கிள் நம்மூர்ல கெடைக்காதா?"

கிடைக்கும். ஆரணியில் சைக்கிள் கடைக்கு என்ன பஞ்சம்? அவன் கேட்டது நியாயம்தான். "இது என்னோடதுண்ணா" என்று மட்டும் சொன்னேன். வீட்டிலிருந்த பீரோவும் கட்டிலும் அப்பா வாங்கிக் கொடுத்தவை. மற்றதெல்லாம் என் கணவர் சம்பளத்தில் வந்தவை. சைக்கிள் ஒன்றுதான் நானாகக் கடைக்குப் போய், நானாகப் பார்த்து, நானாக வாங்கியது.

என் கணவருக்கு ஊர் கலசப்பாக்கம் பக்கம். கல்யாணமான புதிதிலேயே போபாலில் ஒரு பெரிய தொழிற்சாலையில் வேலை கிடைத்து, குவார்ட்டர்ஸ் வீட்டுக்குப் போய்விட்டோம். குழந்தைகள் இல்லை. அவர் கெட்டவர் இல்லை. கை ஓங்கியதில்லை, குடித்ததில்லை. ஆனால் வருஷம் போகப் போக வீட்டுக்குள் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. சாப்பாடு ஆச்சா, கேஸ் சொல்லியாச்சா, சாவி எங்கே என்பதோடு முடிந்துவிடும். சில நாட்கள் அதுவும் இருக்காது. பகலெல்லாம் எனக்குத் தமிழ் பேச ஆள் கிடையாது. அவர் வந்த பிறகும் டி.வி.தான் பேசும்.

முப்பத்தெட்டு வயதில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கணக்கு வேலைக்குச் சேர்ந்தேன். பள்ளிக்கூடம் ஏரிக்கு அந்தப் பக்கம். போபால் ஏற்றமும் இறக்கமுமான ஊர். ஆட்டோவுக்குக் காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போய்த்தான் சைக்கிள் வாங்கினேன். நீல நிறம், கியர் வைத்தது. அதுவரை எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஆரணியில் எங்கள் தெருவில் பெண் பிள்ளைகள் ஓட்டத்தான் செய்தார்கள். எனக்கு மட்டும் ஏனோ வாய்க்கவில்லை. குவார்ட்டர்ஸ் மைதானத்தில் காலை நேரத்தில் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டேன். முழங்காலில் இன்னும் ஒரு தழும்பு இருக்கிறது.

சைக்கிள் வீட்டு வாசலில் நிற்க ஆரம்பித்து நாலைந்து மாதம் கழித்து ஒரு நாள் அவர் செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்டார்: "இது யாரோட சைக்கிள்?"

"என்னோடது."

"ஓ" என்றார். வேலைக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு நான் ஏரிக்கரைச் சாலையில் வழக்கத்தைவிட வேகமாக ஓட்டினேன். கோபமா அழுகையா என்று தெரியவில்லை. மேட்டில் கியரை மாற்றி ஏறி, மறுபக்கம் இறங்கும்போது காற்று முகத்தில் அடித்தது. அந்தக் காற்றில் மனசு கொஞ்சம் ஆறியது. அதற்குப் பிறகு வந்த வருஷங்களை அந்தச் சைக்கிளில்தான் கடந்தேன் என்று சொன்னால் மிகை இல்லை. கடைசியில் அவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நாம தனித்தனியா இருந்தா ரெண்டு பேருக்கும் நல்லது" என்று சொன்னபோது எனக்கு அதிர்ச்சியாக இல்லை. சரி என்றேன். பல மாதங்களில் நாங்கள் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

சைக்கிளை ரயிலில் ஏற்றுவது எப்படி என்று பள்ளிக்கூடத்தில் விசாரித்தேன். நான் போகும் ரயிலிலேயே, என் டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகப் பதிவு செய்யலாம் என்றார்கள். கேரளாவுக்குப் போகும் ரயில் ஒன்று போபாலில் நின்று, நாக்பூர், விஜயவாடா, திருப்பதி என்று சுற்றிக் காட்பாடிக்கு வரும். காட்பாடியிலிருந்து ஆரணி பக்கம்தான்.

முதல் நாளே பெடல் இரண்டையும் கழற்றி ஒரு பையில் போட்டேன். ஹேண்டில் பாரைத் திருப்பி வண்டியோடு ஒட்டினாற்போல் வைத்துக் கட்டினேன். கியர் இருக்கும் இடத்தில் பழைய போர்வையைச் சுற்றினேன். ஸ்டேஷனில் பார்சல் ஆபீஸுக்கு வெளியே, சாக்குத் துணியைப் போட்டுத் தைத்துக் கொடுப்பவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கோணி ஊசியால் அவர் தைக்கத் தைக்க என் சைக்கிள் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போய், ஏதோ ஒரு கால்நடையைக் கட்டிப் போட்டது மாதிரி ஆகிவிட்டது. சாக்கின் மேல் எழுதுவதற்காக, "அனுப்புகிறவர் பெயர்?" என்று இந்தியில் கேட்டார். சொன்னேன். "வாங்கிக்கொள்கிறவர்?" அதே பெயரைச் சொன்னேன். நிமிர்ந்து என்னை ஒரு முறை பார்த்தார். பெயிண்ட் பிரஷ்ஷால் இரண்டு முறையும் பெரிய எழுத்தில் எழுதினார்.

என்ஜினை ஒட்டிய லக்கேஜ் வேனில் அதைத் தூக்கி வைத்துக் கதவைச் சாத்தும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் என் பெட்டிக்கு ஓடினேன். என் கணவர் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டில் கொடுத்தார். "போய்ட்டு போன் பண்ணு" என்றார். அவருடைய சட்டையில் மேல் பொத்தான் ஒன்று இல்லை. ரயில் நகர்ந்த பிறகும் எனக்கு அந்தப் பொத்தான்தான் நினைவில் இருந்தது.

வழியெல்லாம் எனக்கு ஒரே கவலை. காட்பாடியில் ரயில் சில நிமிஷம்தான் நிற்கும். அதற்குள் இறக்கவில்லை என்றால் சைக்கிள் கேரளாவுக்குப் போய்விடும். நாக்பூரில் இறங்கிப் போய்ப் பார்த்தேன். வேனின் கதவு மூடியிருந்தது. விஜயவாடாவிலும் போய்ப் பார்த்தேன். எதிர் சீட்டிலிருந்த மலையாளத்து அம்மாள் ஒருத்தி பொறுக்க முடியாமல், "அந்தப் பெட்டியில யாரு இருக்காங்க?" என்று கேட்டாள். சைக்கிள் என்றதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் காட்பாடி நெருங்கியபோது என் பெட்டியைக் கதவு வரைக்கும் இழுத்து வந்து வைத்தவள் அவள்தான்.

பிளாட்பாரத்தில் அண்ணன் நின்றிருந்தான். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. மூன்று வருஷமாகப் பார்க்காத தங்கையைக் கூப்பிட்டுப் போகத் துவைத்து இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். நான் இறங்கியதும் சிரித்துக்கொண்டே இரண்டு அடி முன்னால் வந்தான். அவன் காலடியில் பெட்டியை வைத்துவிட்டு, நான் அவனைத் தாண்டி என்ஜின் பக்கம் ஓடினேன்.

"ஏம்மா! எங்க போற?"

"சைக்கிள்ணா! வா, ஜல்தி!"

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவனும் பின்னால் ஓடி வந்தான். வேனுக்குள் இருந்த ஆள் எங்கேயோ கைகாட்டி, மேலே ஏற்றிய மூட்டைகளுக்குப் பின்னால் இருக்கிறது என்றார். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே ஏறிவிட்டான். மீன் பெட்டியோ என்னவோ, ஏதோ ஒன்றை இரண்டு பேருமாக நகர்த்தினார்கள். சாக்கு மூட்டையின் ஒரு முனை தெரிந்தது. கீழே நான் பிடித்துக்கொள்ள, மேலிருந்து அவன் இறக்க, அது அவன் மார்பில் சாய்ந்து இறங்கியது. அவன் குதிப்பதற்கும் ரயில் ஊதுவதற்கும் சரியாக இருந்தது. வெள்ளைச் சட்டையில் தோளிலிருந்து வயிறு வரைக்கும் கரிக்கோடு.

மூச்சு வாங்க நின்று என்னைப் பார்த்தான். "நல்லா கீறியாம்மா?" என்றான். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

வெளியே வந்தால், ஒரு குட்டி யானை நின்றிருந்தது. லோடு வண்டி. சைக்கிள் மட்டும்தான் என்று நான் சொன்னதை அண்ணன் நம்பவில்லை. கடைசி நேரத்தில் நாலு சாமானாவது சேர்ந்துவிடும் என்று நினைத்து வண்டி பேசிக்கொண்டு வந்திருக்கிறான். பெரிய வண்டியின் நடுவில் சைக்கிள் மூட்டையும் என் பெட்டியும் அநாதை மாதிரி கிடந்தன. டிரைவர் அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கயிற்றைக் கட்டினார்.

நேராக ஊருக்குப் போயிருந்தால் பகல் சாப்பாட்டுக்கே ஆரணி போய்ச் சேர்ந்திருக்கலாம். அண்ணன் வேலூரில் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்றான். பார்த்தான். பிறகு அங்கேயே சாப்பிட்டுவிடலாம் என்றான். சாப்பிட்டோம். அப்புறம், "கோட்டைய பாத்து எவ்ளோ வருசம் ஆச்சு, ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்மா" என்றான். தறிக்கு ஆள் வராத நாளில்கூட சும்மா உட்காராதவன், அகழித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கல்லின் மேல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். எனக்குத் தெரியாத அண்ணனாக இருந்தான். டிரைவர் இரண்டு முறை வந்து நின்றுவிட்டுப் போனார்.

கண்ணமங்கலத்தில் டீ குடிக்க மறுபடியும் வண்டியை நிறுத்தச் சொன்னபோது எனக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணா, இருட்டட்டும்னு பாத்துகினு இருக்கியா?"

டீயை ஊதினான். குடிக்கவில்லை.

"உனுக்காகத்தாம்மா. சாயங்காலம் தெருவே வாசல்ல உக்காந்துகினு இருக்கும். லோடு வண்டில ஒத்த சைக்கிள வெச்சிகினு போய் எறங்குனா, ஒவ்வொருத்தியா வந்து கேப்பாளுங்க. இன்னாத்துக்கு வந்தா, எப்போ போவா, அவரு வரலியான்னு."

"நாளைக்கு கேக்க மாட்டாங்களா?"

"கேப்பாங்க." டம்ளரைப் பெஞ்சின் மேல் வைத்தான். "கேட்டா எனக்கு பதில் சொல்ல வராதும்மா. அவர நான்தான் பாத்து உனுக்கு முடிச்சி வெச்சேன்."

அது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் இருந்தபோது அண்ணன்தான் கலசப்பாக்கத்துக்கு நாலு முறை அலைந்து அந்தச் சம்பந்தத்தைப் பேசினான். ஆனால் இத்தனை வருஷமாக அவன் அதைத் தன் தலையில் வைத்துக்கொண்டு திரிந்தான் என்பது தெரியாது. போபாலுக்கு வருகிற போதெல்லாம் இரண்டாம் நாளே கிளம்பிவிடுவான். தறி வேலை என்பான். இதற்குத்தான் போலிருக்கிறது.

"நீ நல்லவராத்தான் பாத்தண்ணா" என்றேன். "நல்லவருதான். எங்களுக்கு ஒத்துக்கல, அவ்ளோதான்." "சரி, இருட்டட்டும். இங்கயே இருக்கலாம்."

டிரைவர்தான் பேஜாராகிவிட்டார். "அண்ணே, எனக்கு சாயங்காலம் வேற லோடு இருக்குதுண்ணே" என்று தலையைச் சொறிந்தார். அவரையும் சமாதானம் செய்து டீ வாங்கிக் கொடுத்தோம். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் நான் வண்டியில் ஏறி சைக்கிளைப் பார்த்தேன். சாக்கு ஒரு பக்கம் கிழிந்திருந்தது. உள்ளே என்ன ஆகியிருக்கிறதோ என்ற பயம் வந்துவிட்டது. டீக்கடையில் கத்தி வாங்கித் தையலை அறுத்தேன். அண்ணனும் எழுந்து வந்து கீழே இறக்க உதவினான்.

பின் மட்கார்டு நசுங்கியிருந்தது. செயின் கழன்று தொங்கியது. மற்றபடி ஒன்றும் ஆகவில்லை. டிரைவரிடம் ஸ்பானர் வாங்கி ஹேண்டில் பாரை நேராக்கினேன். ஒரு பெடலை நான் மாட்ட, இன்னொன்றை மாட்டுகிறேன் என்று அண்ணன் எடுத்துக்கொண்டான். எவ்வளவு திருகியும் ஏறவில்லை.

"அந்தப் பக்கம் மரை உல்டாண்ணா. எடது பக்கம் சுத்தணும்."

"இதெல்லாம் யாரு உனுக்கு சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரும் இல்ல. நானும் உன்ன மாதிரிதான் மொதல்ல அரை நாள் திருகிகினு இருந்தேன்."

சிரித்தான். பிளாட்பாரத்தில் என்னைப் பார்த்துச் சிரித்த பிறகு அவன் சிரித்தது அப்போதுதான். செயினைப் பல்லில் மாட்டி, காற்று பார்த்து, ஸ்டாண்டு போட்டு நிறுத்தியதும் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தான். சுற்றி வந்து பிரேக்கை அழுத்திப் பார்த்தான்.

"ஓட்டிப் பாக்கட்டா?"

ஐம்பது தாண்டிய மனிதன். சைக்கிளைத் தொட்டு இருபது வருஷமாவது இருக்கும். வேட்டியை முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டினான். முதல் மிதியில் ஆடியது. இரண்டாவது மிதியில் நின்றது. படவேடு போகிற ரோட்டில் திரும்பி, ஒரு லாரிக்குப் பின்னால் மறைந்துபோனான்.

பத்து நிமிஷம் ஆகியும் காணவில்லை. டிரைவர், "இன்னாம்மா, உங்கண்ணன் சைக்கிள்லயே ஊருக்குப் போய்ட்டாரா?" என்றார். எனக்கும் லேசாகப் பயம் பிடித்துக்கொண்டது. கடைசியில் வந்தான். முகமெல்லாம் வேர்வை. கரிக்கோடு போட்ட சட்டை காற்றில் உப்பியிருந்தது. மணியை அடித்துக்கொண்டே வந்து எங்கள் முன்னால் பிரேக் போட்டு நின்றான்.

"நல்லா புடிக்குதும்மா பிரேக்கு" என்றான். மூச்சை இழுத்துவிட்டு, டிரைவரைப் பார்த்து, "வண்டிய எடுப்பா. போலாம்" என்றான்.

"இருட்டலியேண்ணா" என்றேன்.

"தெரியும். ஏறு."

ஏன் மனசு மாறினான் என்று நான் அப்போதும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. ரோட்டில் தனியாகப் போனபோது என்ன நினைத்தானோ. ஒன்றும் நினைக்காமலும் இருந்திருக்கலாம். எனக்கு ஏரிக்கரையில் காற்று அடித்த மாதிரி அவனுக்கும் அடித்திருக்கலாம். சைக்கிளை மறுபடியும் மூட்டை கட்டவில்லை. வண்டியின் நடுவில் நிற்க வைத்து நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டினார் டிரைவர். "உற்சவர் மாதிரி நிக்குதுண்ணே" என்றார்.

அப்படித்தான் எங்கள் தெருவுக்குள் நுழைந்தோம். வெயில் இன்னும் இருந்தது. அண்ணன் சொன்னபடி வாசலுக்கு வாசல் ஆட்கள். எதிர் வீட்டு அம்மா ராட்டையில் நூல் சுற்றுவதை நிறுத்திவிட்டு எழுந்தே வந்துவிட்டாள். முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு சைக்கிளை, பிறகு அண்ணனின் சட்டையை.

"இன்னாப்பா, தங்கச்சி லீவுல வந்திருக்குதா?"

அண்ணன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். கை நின்றது. நானே சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்.

"இல்லக்கா" என்றான் அவன். "வந்துட்டா. இனிமே இங்கதான் இருப்பா."

குரல் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. பக்கத்து வாசல்களுக்கும் கேட்டிருக்கும். எதிர் வீட்டு அம்மா வாயைத் திறந்தாள். என்னவெல்லாம் கேட்க நினைத்தாளோ, எது வருமோ என்று நான் காத்திருந்தேன்.

"சைக்கிள் யாருது?"

"அவளுதுதான். கியர் வண்டி."

"அங்கேர்ந்தா எத்துகினு வந்தீங்க? ரயில்லயா? சைக்கிள ரயில்ல ஏத்துவாங்களா?"

அவ்வளவுதான். அன்று சாயங்காலம் முழுவதும் தெருவில் சைக்கிளைப் பற்றியே பேச்சு. எப்படிக் கட்டினீர்கள், எங்கே ஏற்றினீர்கள், கியர் எப்படி மாறும் என்று. அண்ணன் வேனுக்குள் ஏறிய கதையைக் கை கால் வீசி விவரித்தான். மீன் பெட்டி இரண்டு மூன்றாகப் பெருகியது. மற்ற கேள்விகள் வராமல் போகவில்லை. ஒரு வாரம், பத்து நாள் கழித்து ஒவ்வொன்றாக, தண்ணீர்க் குழாயடியிலும் மாவு மில்லிலும் வந்தன. அதற்குள் எனக்கும் பதில் சொல்லப் பழகிவிட்டது.

வீட்டுக்குள்தான் பிரச்சினை. எனக்கு மாடியில் ஒரு அறை ஒழித்துக் கொடுத்துவிட்டார்கள். சைக்கிளுக்கு இடம் இல்லை. கீழே இரண்டு தறி, பாவு, பட்டு நூல் கட்டுகள். செயினில் இருக்கும் கிரீஸ் வெள்ளைப் பட்டில் ஒரு விரல் பட்டால் போதும், புடவை போச்சு. அண்ணி மூன்று நாள் பொறுத்துப் பார்த்தாள். நாலாம் நாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, "உன்ன எங்க வேணா வெச்சிக்கறேன்மா. இத எங்க வெக்கறது, நீயே சொல்லு" என்றாள்.

அவள் சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்தப் பேச்சில் எனக்கு இடம் உண்டு என்பதும் இருந்தது. பின்பக்கம் பாத்ரூமை ஒட்டி இரண்டு தகரத்தைப் போட்டு அண்ணன் ஒரு மறைப்பு செய்தான். மழைச் சாரல் அடிக்கும். நான் துணி போட்டு மூடி வைப்பேன். அண்ணி தன் பங்குக்கு, வீட்டுக்குள் வருமுன் கை கழுவுவதற்கு அங்கே ஒரு சோப்பு டப்பாவை வைத்தாள்.

இப்போது ஒரு பட்டுக் கடையில் கணக்கு எழுதுகிறேன். சைக்கிளில்தான் போகிறேன். விவாகரத்துக்கான கோர்ட்டு வேலை அடுத்த வருஷமே சண்டை இல்லாமல் முடிந்தது. கையெழுத்துப் போட வந்தபோது அவர் மெலிந்திருந்தார். வெளியே வந்து மரத்தடியில் நின்று இரண்டு பேரும் ஜூஸ் குடித்தோம். சமைக்கக் கற்றுக்கொண்டேன் என்றார். ரசம் மட்டும் வரவில்லை என்றார். எப்படி வைப்பது என்று சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

சில நாட்கள் காலையில், தறியில் ஏற்றுவதற்கான பாவு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டிப் போட்டிருப்பார்கள். ஓட்ட முடியாது. இறங்கி, சுவரை ஒட்டிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, நூலில் சக்கரம் படாமல் போக வேண்டும். பாவு போடுகிற பெண்கள் வேலையை நிறுத்தாமலேயே, "பாத்து போக்கா, பாத்து" என்பார்கள். நானும் மெதுவாகத்தான் போவேன். தெருமுனை வந்ததும் ஏறிக்கொள்வேன்.